தலைவர் அணைத்த பல்புகள்

மறைந்த தலைவர் இயற்கைக்கு என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டுத் தொலைத்துவிட்டார். கேட்டவர் வெளிநாட்டுக்காரர். ஏதோ ஒரு மாநாட்டில், தேநீர் இடைவேளையில், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அது பொழுது போகாமல் கேட்ட கேள்வி. நம்மவர்களுக்கு அது மானப் பிரச்சினை. பதில் கண்டுபிடிக்க உடனே ஒரு வாரியம் அமைத்தார்கள். 'மறைந்த தலைவர் பசுமை மரபுப் பாதுகாப்பு வாரியம்' என்று பெயர். பெயர் நீளம் என்பதால் பெயர்ப்பலகைக்கு இரண்டு மரங்களை வெட்ட வேண்டியிருந்தது.

வாரியம் தலைவரின் வாழ்க்கையை அலசிப் பிழிந்து காயப்போட்டது. ஏரியைத் தூர்த்து அவர் குதிரைப் பந்தய மைதானம் கட்டியது கிடைத்தது. தன் சிலை தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று நெடுஞ்சாலை மரங்களை எல்லாம் வெட்டச் சொன்னது கிடைத்தது. "எந்த ரூமுக்குள்ள எப்ப நுழைவேன்னு எனக்கே தெரியாது, அதனால எல்லா ரூம்லயும் ஏசி ஓடிக்கிட்டே இருக்கணும்" என்று அவர் சொன்னதற்குச் சாட்சியாக அவருடைய சமையல்காரரே நேரில் வந்தார். அவருக்கு ஒரு காபி கொடுத்து, வந்த வழியே அனுப்பிவைத்தார்கள். கலைந்து வீட்டுக்குப் போகலாம் என்று வாரியம் நினைத்த நேரத்தில்தான் அந்தப் புகைப்படம் சிக்கியது.

படத்தில் தலைவர் ஒரு சுவிட்சில் விரல் வைத்திருக்கிறார். சுவிட்ச் மேல்பக்கம் அழுந்தியிருக்கிறது. கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும் என்பது இந்த நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆகவே தலைவர் விளக்கை அணைக்கிறார். மின்சாரத்தைச் சேமிக்கிறார். வாரிய உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தி அழுதார் என்றும் கேள்வி.

படம் எடுத்த இடம் ஊர்க்கோடியில் இருந்த ஒரு குஞ்சு பொரிப்பகம். அதை நடத்தியவரை எல்லோரும் 'அடைக்கோழி' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் கோழி வளர்ப்பவர்கள் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் அவற்றைத் தட்டுத் தட்டாக அடுக்கி, குண்டு பல்புகளின் சூட்டில் வைத்து, வேளாவேளைக்குத் திருப்பிப் போட்டு, மூன்று வாரத்தில் குஞ்சுகளாகத் திருப்பிக் கொடுப்பார். முட்டைகளோடு பேசவும் செய்வார். மனைவியோடு பேசுவதைவிட அதிகமாகப் பேசுகிறார் என்பது மனைவியின் புகார். "அதுங்க எதிர்த்துப் பேசாதும்மா" என்பது அவர் பதில்.

போன தடவை மின்வெட்டில் பல்புகள் அணைந்து, வைத்த முட்டை மொத்தமும் குளிர்ந்து கெட்டுப்போயிருந்தது. ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். மீதிப் பேர் திட்டவில்லை, அழுதார்கள். மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் குஞ்சு வரலைன்னா ஒருத்தரும் முட்டை தரமாட்டாங்க. கடையைச் சாத்திட்டு என் தம்பிகிட்ட வேலைக்குப் போயிருங்க."

மனைவியின் தம்பி எலக்ட்ரீஷியன். அவன் மாட்டிய மின்விசிறி காற்றைக் கூரைக்கு வீசும். அவன் வயரிங் செய்த வீட்டில் அழைப்புமணியை அழுத்தினால் தண்ணீர் மோட்டார் ஓடும். அப்படிப்பட்டவனுக்கு ஏணி பிடித்துக்கொண்டு, "மாமா, அந்த டேப்பை எடுங்க" என்று அவன் மேலிருந்து ஏவ, எடுத்துக் கொடுத்துக் காலம் தள்ளுவதா? அதைவிட அந்த மின்விசிறியிலேயே தொங்கிவிடலாம். அதுவும் நிச்சயமில்லை, கழன்று விழும்.

பொரிப்பகத்துச் சுவிட்சையும் அவன்தான் மாட்டினான். தலைகீழாக மாட்டினான். மேலே தட்டினால் எரியும், கீழே தட்டினால் அணையும். பொரிப்பகம் திறந்த அன்று, தலைவரின் கார் டயர் அதே வாசலில் பஞ்சரானது. கழிப்பறை எங்கே என்று கேட்டு உள்ளே வந்த தலைவரிடம், வந்ததே வந்தீர்கள், ஒரு சுவிட்சைப் போட்டுத் திறந்துவையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் மேலே தட்டினார். பல்புகள் எரிந்தன. கைதட்டினார்கள். இவ்வளவுதான் நடந்தது.

இதை அடைக்கோழி வாரியத்திலிருந்து வந்த அதிகாரியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி கழுத்துப்பட்டை கட்டியவர். சுவிட்சுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சார், அவரு அணைக்கலை. போட்டாரு. தெறந்துவைக்க யாராச்சும் வெளக்கை அணைப்பாங்களா?"

"சுவிட்ச் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேலதான். ஆனா அது தலைகீழா மாட்டினது. என் மச்சினன் வேலை."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "தலைவர் கை வச்ச சுவிட்சைத் தலைகீழ்ங்கிறீங்க. நான் நல்லவன், காதுல விழாத மாதிரி இருந்துடுறேன். வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சார், பல்பு எரியுது பாருங்க. கண்ணு கூசுது பாருங்க."

"பல்பைப் பாக்குறது வேற டிபார்ட்மென்ட். நாங்க சுவிட்ச் மட்டும்தான்."

தலைவர் எந்த நிலையில் விட்டுச்சென்றாரோ அதே நிலையில் சுவிட்ச் என்றென்றும் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டி, பக்கத்தில் ஒரு காவலாளியையும் நிறுத்தினார்கள். அடைக்கோழி கையைப் பிசைந்துகொண்டு மனைவியிடம் போனார்.

மனைவி கொஞ்சம் யோசித்தார். "இனிமே அந்தச் சுவிட்சை யாரும் தொட முடியாது?"

"முடியாது."

"அப்ப பல்பு எரிஞ்சுக்கிட்டேதானே இருக்கும்?"

"ஆமா."

"அப்புறம் என்ன? எரியறவரைக்கும் அணைஞ்சிருக்குன்னே சொல்லிட்டுப் போகட்டும். உங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக அடைக்கோழிக்கு அரசாங்கத்தின்மேல் பிரியம் வந்தது. முட்டைகள் கதகதப்பாக இருந்தன. அவரும் நிம்மதியாகத் தூங்கினார்.

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். வாசலில் ஆளுக்கொரு டார்ச் லைட் கொடுத்தார்கள். "உள்ள கும்மிருட்டா இருக்கும், படி பாத்து எறங்குங்க" என்று வழிகாட்டிப் பெண் எச்சரிப்பார். உள்ளே பல்புகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருக்கும். வந்தவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு, டார்ச்சை அடித்து, தட்டுத்தடுமாறி நடந்தார்கள். ஒருவர் உண்மையிலேயே கால் தடுக்கி விழுந்தார். அவருக்கு வாரியம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு இருட்டை நான் பாத்ததே இல்லை" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது நிஜம்.

மின்சார மீட்டர் பம்பரமாகச் சுற்றியது. கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், பூட்டிய சுவிட்சைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார். அணைந்திருக்கும் சுவிட்சுக்குச் செலவு எப்படி வரும்? பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு, சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

அந்தப் பூஜ்யம் அதிகாரியின் கண்ணில் பட்டது. அன்றுதான் அவர் மூளை வேலை செய்தது என்பார்கள். வேறு நாட்களில் செய்ததாகத் தகவல் இல்லை. அணைந்த சுவிட்சிலிருந்து எடுக்கும் மின்சாரம் செலவாகாத மின்சாரம். அப்படியானால் அதிலிருந்து எவ்வளவு எடுத்தாலும் அத்தனையும் சேமிப்புத்தானே? முதலில் டிக்கெட் கொடுப்பவரின் ஏசியை அதில் மாட்டினார்கள். மறுநாள் கணக்கில் பூஜ்யம். பிறகு வாரிய அலுவலகம், தலைவர் சிலைக்கு அடிக்கும் ஒளிவிளக்குகள், பந்தய மைதானம், அமைச்சரின் மாளிகை, அந்த மாளிகை நாய்களுக்கான வெந்நீர்த் தொட்டி. எல்லாம் பூஜ்யம். இணைப்புக் கொடுக்கும் வேலை மைத்துனனுக்குக் கிடைத்தது. பொரிப்பகத்துக் கூரையிலிருந்து ஊரெங்கும் வயர்கள் கிளம்பிப் போயின.

"பாத்தீங்களா மாமா, என் வேலையோட அருமை இப்பதான் நாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று அவன் கம்பத்தின் உச்சியிலிருந்து கத்தினான்.

"மாப்ளே, பத்திரம்டா" என்றார் அடைக்கோழி. அவர் வயரைத்தான் சொன்னார்.

நாட்டின் மின்சாரச் செலவு சரசரவென்று இறங்கியது. வெளிநாட்டிலிருந்து ஒரு விருது வந்தது. பிஸ்கட் கடித்தவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தபோது பொரிப்பகத்துப் பல்புகள் மட்டும் மங்க ஆரம்பித்தன. ஊரே ஒரு வயரில் தொங்கினால் வேறு என்ன ஆகும்? வெள்ளையாக எரிந்தவை மஞ்சளாயின, மஞ்சள் சிவப்பானது. அடைக்கோழி முட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். சூடு குறைந்திருந்தது. முட்டைகளோ கடைசிக் கட்டத்தில் இருந்தன. காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று சத்தம் வரத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் வந்த பிறகு குளிர விட்டால் அது கொலை. வீட்டில் இருந்த போர்வைகளை எல்லாம் கொண்டுவந்து போர்த்தினார். மனைவியின் பட்டுப்புடவையும் போனது. மனைவியே அதை எடுத்துக் கொடுத்தார். அந்தக் 'கீச்'சை அவரும் கேட்டிருந்தார்.

அடைக்கோழி வாரிய அலுவலகத்துக்கு ஓடினார். உள்ளே ஏசி குளிர் எலும்பைக் கடித்தது. அதிகாரி கம்பளிச் சால்வை போர்த்தி, காலடியில் ஒரு ஹீட்டரும் வைத்திருந்தார்.

"சார், பல்பு மங்குது சார்!"

"அணைஞ்ச பல்பு எப்படிங்க மங்கும்?"

"முட்டையெல்லாம் குளிருது!"

"இப்பதான் குளிருதா? அப்ப இத்தனை நாள் எதுல சூடாச்சு?"

பல்பு எரிந்தது என்று சொன்னால் தலைவரைப் பொய்யராக்கிய குற்றம். எரியவில்லை என்று சொன்னால் புகாரே இல்லை.

"சார், உங்க கால்மாட்டுல இருக்கிற ஹீட்டரை மட்டுமாவது அணைங்க சார்."

"இதையா? இது செலவே இல்லாத ஹீட்டர். இதை அணைச்சா சேமிப்பு கொறஞ்சிடும். விருது கொடுத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?" அதிகாரி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாளைக்கு அமைச்சர் வர்றாரு. விழாவுக்கு நீங்களும் நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வாங்க."

அமைச்சர் என்றால் மறைந்த தலைவரின் மகன். விழா நடந்த இடமும் பொரிப்பகம்தான். இந்த மூன்று வாரத்துக்குள் ராத்திரி பகலாக அதைச் சுற்றிப் பெரிய பளிங்கு மண்டபம் எழுப்பி, பொரிப்பகத்தை அதன் வயிற்றுக்குள் வைத்துவிட்டார்கள். சுவரில் ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் வெளிச்சம் வரும், வெளிச்சம் வந்தால் விளக்கு அணைந்திருப்பது எடுபடாது. கதவுகளும் மின்சாரத்தில்தான் திறந்து மூடின. மறுநாள் காலை இயக்குநர்கள், துணை இயக்குநர்கள், துணைக்குத் துணையானவர்கள் என்று சில நூறு பேர் மெத்தை நாற்காலிகளில் வந்து அமர்ந்தார்கள். மேடைக்குப் பின்னால் முட்டைத் தட்டுகள் புடவையைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. அடைக்கோழியும் மனைவியும் அவற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அமைச்சர் பேசினார். "எங்கப்பா ஒரே ஒரு விரலால இந்த நாட்டைக் காப்பாத்தினாரு. அதுக்கு மேல ஒரு விரலைக்கூட அசைச்சவரு இல்லை. அவ்வளவு சிக்கனம்!" கைதட்டல். "எங்க வீட்டுல ராத்திரி பகல் எல்லா வெளக்கும் எரியுது. நீச்சல்குளத்துல தண்ணி கொதிக்குது. எல்லாமே எங்கப்பா அணைச்ச சுவிட்சுல இருந்து வருது. ஒரு சொட்டு மின்சாரம் வீணாகலை!" மறுபடியும் கைதட்டல். "இப்ப உங்களுக்கு ஒரு உண்மையைக் காட்டப்போறேன். எங்கப்பா மட்டும் இந்தச் சுவிட்சை அணைக்காம விட்டிருந்தா எவ்வளவு மின்சாரம் வீணாகியிருக்கும்? ஒரே ஒரு நிமிஷம் இதைப் போட்டுக் காட்டறேன்."

தங்கச் சாவியால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, வேண்டாம்யா!" அடைக்கோழி அலறிக்கொண்டு எழுந்தார். அவருடைய உணர்ச்சியைப் பாராட்டி முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

அமைச்சர் கீழே தட்டினார்.

மண்டபம், சிலை, பந்தய மைதானம், மாளிகை, நாய்களின் வெந்நீர்த் தொட்டி எல்லாம் ஒரே நொடியில் போயின. பட்டப்பகலில் மண்டபத்துக்குள் அசல் இருட்டு. அப்போது அதிகாரியின் குரல் எழுந்தது.

"பாத்தீங்களா? சுவிட்சைப் போட்டா எவ்வளவு இருட்டு! இதுலேர்ந்துதான் தலைவர் நம்மளைக் காப்பாத்தியிருக்காரு!"

இருட்டில் கைதட்டல் காதைப் பிளந்தது. அமைச்சர் அவசரமாகச் சுவிட்சை மேலே தட்டினார். ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்க, படார் என்று ஒரு பொறி, குபுகுபுவென்று புகை. நாட்டின் பசுமை மரபு உருகிச் சுவரில் ஒழுகியது.

"மாப்ளே! எங்கடா இருக்க? வேற சுவிட்ச் மாட்டுடா!" என்று அடைக்கோழி கத்தினார்.

"தலைவர் சுவிட்சை யாரும் தொடக்கூடாது!" என்று அதிகாரி அதைவிடச் சத்தமாகக் கத்தினார். "வாரியம் கூடித் தீர்மானம் போடணும்!"

"எப்ப சார் கூடும்?"

"வெளிச்சம் வந்ததும்."

கதவுகளும் திறக்கவில்லை. யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் அடைக்கோழி முட்டைகள்மேல் கை வைத்தார். ஆறிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்த குஞ்சுகளின் குரல் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வந்தது. அவர் கண்ணில் நீர் முட்டியது. மைத்துனனும் ஏணியும் அப்போது அவருக்கு நினைவே வரவில்லை. "செத்துரும்மா, எல்லாம் செத்துரும்" என்றார்.

மனைவி எழுந்தார். ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேடைக்குப் போனார்.

"ஐயா, கையை நீட்டுங்க."

"என்னம்மா இது?"

"உயிரு. சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஆடாம உக்காருங்க."

அமைச்சரிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. ஒரு முட்டையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் அவர் முகம் மாறியது. "ஏதோ பேசுது" என்றார், மெல்ல.

அமைச்சர் கையில் ஒன்று போனதைப் பார்த்த அத்தனை பேருக்கும் மூக்கு வியர்த்தது. அது என்னவென்று யாருக்கும் தெரியாது, ஆனால் தனக்கு இல்லை என்பது தெரிந்தது. "எனக்கு எங்கம்மா?" என்று இயக்குநர்கள் கை நீட்டினார்கள். "துணை இயக்குநருக்குக் குடுத்துட்டு எனக்கு இல்லையா? நான் சீனியர்!" என்று ஒருவர் குதித்தார். சீனியருக்கு இரண்டு கொடுத்தார்கள். அடைக்கோழியும் மனைவியும் வரிசை வரிசையாக ஓடினார்கள். "கோட்டுக்குள்ள வைங்க சார். நசுக்கிடாதீங்க. நீங்க வயித்துமேல வைங்க, நல்லா இடமிருக்கு." கடைசித் தட்டும் காலியானது. அமைச்சர் உட்கார்ந்திருக்கும்வரை எழுந்திருக்க எவருக்கும் தைரியமில்லை. அமைச்சரோ எழுவதாக இல்லை.

ஆடாமல் அசையாமல் இருந்த இடத்தைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது: வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் பயின்றுவந்தது இது ஒன்றைத்தான். எந்தப் பல்பும் அவர்களுக்குப் பக்கத்தில் வர முடியாது. இத்தனை காலம் அவர்களிடம் முட்டையைக் கொடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கணக்கில் அப்படியே இருந்தார்கள். பிறகு, மூன்றாவது வரிசையில் ஒரு மெல்லிய விரிசல் சத்தம். "ஐயோ, உடைஞ்சுபோச்சு, நான் ஒண்ணும் பண்ணலை!" என்று ஒரு துணை இயக்குநர் பதறினார். அவர் கோட்டிலிருந்து ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, மண்டபம் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். "வந்துருச்சு! எனக்கு வந்துருச்சு!" என்று அமைச்சர் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு கூவினார். அடைக்கோழி நடுவில் நின்று வாய்விட்டு அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு அதற்குமுன் வந்ததில்லை. மனைவி முந்தானையில் குஞ்சுகளை வாரிக்கொண்டே, "அழுதது போதும், அந்தக் கூடையை எடுங்க" என்றார்.

தீயணைப்பு வீரர்கள் கதவைப் பெயர்த்துத் திறந்தபோது பளீரென்று வெயில் உள்ளே வந்தது. "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினார்கள். அமைச்சர் குஞ்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முதலில் போனார். மற்றவர்கள் அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனார்கள். மண்டபம் காலியானது. முன்வரிசையில் ஒரே ஒருவர் மட்டும், கழுத்துப்பட்டையை அவிழ்த்து மடியில் கூடு மாதிரிச் சுற்றிவைத்து, இன்னும் பொரிக்காத ஒரு முட்டையின்மேல் இரு கைகளையும் கவித்து உட்கார்ந்திருந்தார்.

"சார், கதவு தெறந்தாச்சு. வீட்டுக்குப் போங்க சார்" என்றார் அடைக்கோழி.

வாரிய அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை.

"சும்மா இருங்க. சர்வீஸ்ல முதல் தடவையா எனக்கு வேலை இருக்கு."